தொண்டுக்குத் தாமதம் உண்டா?

முப்பது வயதைத் தாண்டிய ஒருவர், இருக்கிற வேலையை விட்டுவிட்டு நர்சிங் படிக்கப் போகிறேன் என்று சொன்னால், "இனிமேலா?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். ஃபீஸ், பிள்ளைகள், நைட் டியூட்டி என்று மற்றக் காரணங்கள் பிறகுதான் வரிசையாக வரும். அந்தக் கேள்விக்கு அடியில் நாம் ஆராயாமல் ஏற்றுக்கொண்ட ஒரு சமயக் கொள்கை கிடக்கிறது. வாழ்க்கை படிகளாக வகுக்கப்பட்டது, கற்பதற்கு உரியது முதல் படி, அதைக் கடந்தவர் இறங்கி வந்து மறுபடி அங்கே நிற்பது முறையல்ல என்பது அந்தக் கொள்கை. விதியும் ஓரளவு அதே பக்கம்தான் சாய்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறைகள் பட்டயப் படிப்பிலும் பி.எஸ்சி. நர்சிங்கிலும் சேர 17 வயது நிரம்பியிருக்க வேண்டும், 35-ஐத் தாண்டியிருக்கக் கூடாது என்று வகுத்தன. ஆகவே நம் ஊரில் இந்தக் கேள்வி முப்பதுகளின் தொடக்கத்திலேயே எழுந்துவிடுகிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நாற்பதைக் கடந்தவர்களும் முதலாண்டு வகுப்பில் உட்காருகிறார்கள். எந்த வயதானாலும் கேள்வி ஒன்றுதான்: நோயாளிக்குப் பணிவிடை செய்யும் வாழ்க்கைக்குப் பிந்தி வருவது குறைபட்ட வருகையா? இல்லை என்பதே என் வாதம். நம் மரபுகள் இந்தப் பணிக்குக் கேட்கும் தகுதிகளில் வயது இல்லை. அவை கேட்பது அன்பும் பயிற்சியும். அன்பு இருக்கிறது என்பதால் பயிற்சியைத் தவிர்க்க முடியாது என்பதை ஏற்று, வளர்ந்த ஒருவர் மறுபடி மாணவராக இசைவதில்தான் இந்த முடிவின் சமயப் பொருள் இருக்கிறது.

முதலில் அந்தப் படிகளைப் பார்ப்போம். பிரம்மசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்ற நான்கும் வயதுக்கேற்ப ஒன்றன்பின் ஒன்றாக வருபவை என்றே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சம்ஸ்கிருத அறிஞர் பேட்ரிக் ஒலிவெல், ஆசிரம முறையைப் பற்றி 1993-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் வேறொரு வரலாற்றை எடுத்துக்காட்டினார். பழைய தர்மசூத்திரங்களில் இந்த நான்கும் மாற்று வழிகளாகவே இருந்தன. கல்வி முடித்தவன் அவற்றில் ஒன்றை வாழ்நாள் முழுதுக்குமாகத் தேர்ந்துகொள்ளலாம். வயதோடு ஏறிச்செல்லும் வரிசையாக அவை கோக்கப்பட்டது அதற்குப் பின்னால். மனுஸ்மிருதியில் நாம் காண்பது அந்தப் பிந்தைய வடிவம். பழைய வடிவத்திலும் தேர்வு இளமையில்தானே நடந்தது என்று மறுப்பவர் உண்டு, அது உண்மைதான். ஆனாலும் வயதுப் படிகள் இயற்கையின் கட்டளை அல்ல, சாத்திரக்காரர்கள் ஒரு காலத்தில் செய்துகொண்ட ஏற்பாடு என்பது இதிலிருந்து தெளிவாகிறது. இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஏற்பாடு உயர்வருணத்து ஆண்களுக்காக எழுதப்பட்டது. பெண்ணுக்குக் குருகுலப் படியே அதில் வைக்கப்படவில்லை. நர்சிங் வகுப்புகளில் பெரும்பாலும் பெண்களே அமர்ந்திருக்கும் நாட்டில், அவர்களை ஒருபோதும் கணக்கில் கொள்ளாத ஒரு கணக்கைக் காட்டி "உன் படிப்பு வயது முடிந்துவிட்டது" என்று சொல்வதில் என்ன நியாயம்?

பக்தி மரபு இந்த வரிசையை எப்படிக் கையாண்டது என்பதற்கு அப்பர் வரலாறு போதும். சேக்கிழார் சொல்லும் கதையில், மருள்நீக்கியார் என்ற இயற்பெயருடைய அப்பர் சமணம் சார்ந்து தருமசேனர் என்ற பெயரோடு கற்றோர் நடுவே உயர்ந்த இடத்தில் இருந்தவர். சூலை நோய் அவரைத் திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் கொண்டுவந்து சேர்த்தது. திரும்பி வந்தவர் முன்பு பெற்ற கல்வியின் பேரில் ஆசிரியப் பீடம் எதையும் கேட்கவில்லை. கோயில் வளாகத்தில் புல் செதுக்கும் உழவாரத்தை எடுத்துக்கொண்டார். இன்றும் சிற்பங்களில் அவரை அடையாளம் காட்டுவது அந்தக் கருவிதான். நோயின் வழியாக வந்த திருப்பம், மேலிருந்து கீழிறங்கி ஏற்ற கைத்தொண்டு, அதையே வாழ்க்கையின் இறுதி வரை நடத்திய உறுதி ஆகிய மூன்றையும் சைவம் தாமதத்தின் குறைகளாக எழுதிவைக்கவில்லை. நாயன்மாரின் பெருமையாகவே பாடியது. பிந்தி வந்த தொண்டு இரண்டாந்தரம் என்ற எண்ணம் நம் சமய இலக்கியத்தின் நடுமரபில் இல்லை.

இனி, நோயாளியின் அருகில் இருப்பவரிடம் மரபு எதைக் கேட்கிறது என்று பார்க்கலாம். சரக சம்ஹிதை மருத்துவத்துக்கு நான்கு கால்கள் என்கிறது: மருத்துவர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி. பணிவிடை செய்பவருக்கு அது வைக்கும் தகுதிகளும் நான்கு: பணிவிடை முறைகளில் அறிவு, கைத்திறன், பேணப்படுபவரிடம் பற்று, தூய்மை. திருக்குறளின் மருந்து அதிகாரம் முடிகிற குறளும் இதே நான்கு பேரைச் சேர்த்துச் சொல்லி, அருகிருப்பவரை மருத்துவருக்குச் சமமான வரிசையில் நிறுத்துகிறது. பௌத்த விநயத்தின் மகாவக்கத்தில், வயிற்றுக்கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த ஒரு பிக்குவைப் புத்தரும் ஆனந்தரும் கழுவிப் படுக்கவைத்த நிகழ்ச்சி வருகிறது. அதையொட்டி அந்நூல் நல்ல பணிவிடையாளரின் ஐந்து இலக்கணங்களைத் தருகிறது: மருந்து கலக்கத் தெரிய வேண்டும்; நோயாளிக்கு ஒத்துக்கொள்வது எது, ஆகாதது எது என்று அறிய வேண்டும்; ஆதாயத்துக்காக அல்லாமல் அன்போடு செய்ய வேண்டும்; மலம், சிறுநீர், வாந்தி ஆகியவற்றை அகற்ற அருவருக்கக் கூடாது; நல்ல சொற்களால் நோயாளியின் மனத்தைத் தேற்றத் தெரிய வேண்டும். வெவ்வேறு சமயத்தவர் எழுதிய இந்தப் பட்டியல்களில் பிறப்பும் இல்லை, வயதும் இல்லை. அவற்றில் பாதி, கற்றால் வருபவை. மறுபாதி, வாழ்ந்தால் முதிர்பவை. அருவருப்பைக் கடப்பதையும், சாகப்போகிறவரிடம் என்ன பேசுவது என்பதையும் பதினேழு வயதுப் பெண் வகுப்பறையிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளை பெற்று வளர்த்தவரோ, தகப்பனைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவரோ அந்தப் பாடத்தில் ஓரளவு தேறியே வருகிறார்.

ஆனால் கற்றால் வரும் பாதியை வாழ்க்கை தானாகக் கற்பித்துவிடாது. இதை விட்டுவிட்டால் வாதம் வெறும் புகழ்ச்சியாகிவிடும். படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்வோம். அசைய முடியாமல் மல்லாந்து கிடப்பவருக்கு முதுகின் அடிமுனையிலும் குதிகாலிலும் எலும்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. உடலின் எடை அங்கே அழுத்த, இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுத்துவிட்டுப் பிறகு சிவந்தால் ஓட்டம் இருக்கிறது என்று பொருள். வெளுக்காமல் அப்படியே நின்றால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது. நம்மில் பலருக்கு இருக்கும் கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்கே தட்டுப்படாமல் போகலாம்; பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு, சூடா, குளிர்ச்சியா, கெட்டியா, தளர்வா என்று கையால்தான் தேட வேண்டும். அப்பா மீது உயிரையே வைத்திருக்கும் மகள் அந்த இடத்தில் எண்ணெய் தடவி நன்றாகத் தேய்த்துவிடுவாள். நலிந்த திசு அதனால் மேலும் நைந்துபோகும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை உடலைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், விரிப்பில் இழுக்காமல் தூக்கி நகர்த்த வேண்டும் என்பதை அன்பு கண்டுபிடிப்பதில்லை. யாராவது சொல்லித்தர வேண்டும். மனம் நிறையத் தொண்டு செய்யும் ஆசையோடு வருபவர் பள்ளிக்கூட வாசலைத் தாண்டித்தான் வார்டுக்குள் போக வேண்டும் என்பதற்கு இந்த ஒரு புண்ணே போதிய காரணம்.

வரலாறும் இதையே சொல்கிறது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1837 பிப்ரவரியில், பதினாறு வயதில், இறைவன் தன்னைத் தன் பணிக்கு அழைத்ததாகக் குறித்துவைத்தார். என்ன பணி என்பது அந்த அழைப்பில் இல்லை. குடும்பத்தின் எதிர்ப்பைத் தாண்டி அவர் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் முறையாகப் பயிற்சிக்குச் சேர்ந்தது 1851-இல், முப்பத்தொரு வயதில். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் அந்த அழைப்பால் எந்த நோயாளிக்கும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. 1860-இல் அவர் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கக் காரணமானதும், அழைப்பு மட்டும் போதாது என்று அறிந்ததால்தான். அன்னை தெரசா லொரேட்டோ சபையில் ஆசிரியையாக இருந்தவர். 1946-இல் டார்ஜிலிங் செல்லும் ரயிலில் இரண்டாவது அழைப்பை உணர்ந்ததாகச் சொன்னார். 1948-இல், ஏறத்தாழ முப்பத்தெட்டு வயதில் மடத்தைவிட்டு வெளியே வந்ததும் அவர் நேரே சேரிக்குப் போகவில்லை. பாட்னாவில் மருத்துவத் தொண்டுச் சகோதரிகளிடம் போய்ச் சில மாதங்கள் அடிப்படை மருத்துவப் பணிகளைக் கற்றுக்கொண்டார். அந்தச் சில மாதங்கள் போதுமானவையா என்ற கேள்வியும் பின்னால் எழுந்தது. கல்கத்தாவில் சாகும் தறுவாயில் இருப்போருக்கான அவரது இல்லத்தைப் பார்த்த லான்செட் இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், அங்கே நோயறியும் முறையும் கடும்வலிக்கான மருந்துகளும் போதாமல் இருப்பதை 1994-இல் குறை கூறி எழுதினார். அந்த விமர்சனத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் எந்த உயர்ந்த அழைப்பும் பயிற்சியின் குறையை ஈடுகட்டாது என்பது இந்த இரு வாழ்க்கைகளிலிருந்தும் தெரிகிறது. அழைப்பு எந்த வயதில் வந்தது என்பதைவிட, வந்தபின் கற்கப் போனாரா என்பதுதான் நோயாளிக்கு முக்கியம்.

மறுப்புகளுக்கு வருவோம். மிகக் கூர்மையானது நைட்டிங்கேலிடமிருந்தே வருகிறது. காதலில் ஏமாற்றம், வாழ்க்கையில் வெறுப்பு, வேறெதற்கும் லாயக்கில்லாமை இவற்றில் ஒன்றிருந்தால் ஒரு பெண் நல்ல நர்ஸாகிவிடுவாள் என்ற அக்கால எண்ணத்தை, 1859-இல் வந்த தம் நர்சிங் குறிப்புகள் நூலில் அவர் கேலி செய்கிறார். பிந்தி வருகிறவர்களில் தப்பியோடி வருகிறவர்களும் இருப்பார்கள்: அலுத்துப்போன அலுவலகம், மூடிய கம்பெனி, முறிந்த மணவாழ்க்கை. நோயாளியின் துன்பம் தன் துன்பத்துக்கு மருந்தாகும் என்று நம்பி வருபவர் வார்டில் நெடுநாள் தாங்குவதில்லை, நோயாளியையும் தாங்குவதில்லை. இந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனால் இது வயதின் குறையா என்று யோசித்தால், பதினேழு வயதிலும் மெடிக்கல் சீட் கிடைக்காததால் நர்சிங்குக்கு வந்தவர்கள், அப்பா சொன்னதால் வந்தவர்கள், வெளிநாடு போகும் வழி என்று வந்தவர்கள் ஏராளம். எந்த வயதில் வந்தவரிடமும் நோக்கம் கலப்பாகவே இருக்கும். எதை விட்டு வந்தோம் என்பது பிந்தி வந்தவருக்குத் தெரிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். அந்த அளவுக்குத் தன்னை விசாரித்துக்கொள்ளவும் அவரால் முடியும். தொடக்க நோக்கம் ஒருவரின் பணியை முழுதும் தீர்மானித்துவிடுவதுமில்லை. தினமும் செய்யும் செயல் மனத்தைத் திருத்தும் என்பதைச் சமயங்கள் எல்லாமே தம் வழிபாட்டு முறைகளுக்கு அடிப்படையாக வைத்திருக்கின்றன.

அடுத்தது சம்பளம். ஆதாயத்துக்காகச் செய்யாதே என்று விநயம் சொல்லும்போது, மாதச் சம்பளத்தைக் கணக்குப் போட்டு வேலை மாறுகிறவரைத் தொண்டர் என்று எப்படிச் சொல்வது? விநயம் பேசுவது உணவும் உடையும் சங்கத்திடமிருந்து கிடைக்கும் துறவிகளைப் பற்றி என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டியவருக்கு அந்த விதியை அப்படியே பொருத்துவது அநியாயம். அதைவிட, இந்த மறுப்பு யாருக்குப் பயன்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மே 12-ஆம் தேதியும் நர்ஸ்கள் தின மேடைகளில் வெள்ளுடைத் தேவதைகள் என்று புகழப்படும் அதே பெண்கள்தான், 2017 நவம்பரில் பணி நிரந்தரமும் நியாயமான ஊதியமும் கேட்டுச் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். தேவதைக்குப் பசிக்காது என்ற வசதியான நம்பிக்கை, தொகுப்பூதியத்தை நீட்டிக்க உதவுகிறது. ஆதாயம் வேண்டாம் என்ற விதியின் உட்பொருள், நோயாளியின் பையைப் பார்த்துப் பணிவிடையின் அளவைக் கூட்டிக் குறைக்காதே என்பதாகவே இருக்க முடியும். காசு கொடுக்காத கட்டிலிலும் அதே கவனத்தோடு பி.பி. பார்க்கிறவர், முதல் தேதி தன் சம்பளத்தை வாங்கிக்கொள்வதில் எந்தக் களங்கமும் இல்லை. முன்பு வேறு வேலையில் இருந்து உழைப்பின் விலையைத் தெரிந்துகொண்டவர், தேவதைப் பேச்சுக்கு எளிதில் மயங்காதவராகவும் இருப்பார். தொழிலுக்கு அது நல்லதே.

மூன்றாவது மறுப்பு குடும்பத்தின் பக்கத்திலிருந்து வருகிறது. அவரவர் தர்மத்தில் நிற்பதே மேல் என்று கீதை சொல்கிறது. மகாபாரதத்தின் வன பர்வத்தில், பார்வையால் கொக்கை எரித்த கௌசிகனை ஒரு இல்லத்தரசி மிதிலை நகரத்து இறைச்சிக் கடைக்காரரிடம் அனுப்புகிறாள். அவரோ தன் குலத்தொழிலையும் பெற்றோரையும் விடாமல் பேணுபவர், கைவிட்டு வந்த பெற்றோரிடம் திரும்பிப் போ என்று கௌசிகனை அனுப்பிவைக்கிறார். வீட்டை விட்டு ஊராரைப் பேணப் போகாதே என்பதுதானே இதன் பாடம்? நம்பியிருப்பவர்களைத் தவிக்கவிட்டு எடுக்கும் எந்த உயர்ந்த முடிவும் உயர்ந்ததல்ல என்ற அளவில் இதை ஏற்கிறேன். மூன்று நான்கு ஆண்டுகள் சம்பளமின்றிப் படிப்பதன் சுமையை வீட்டில் யார் சுமப்பது என்பதை அவர்களோடு பேசி முடிவுசெய்யாமல் கிளம்புவது தவறுதான். ஆனால் இதே குடும்பம் வேறொன்றையும் செய்துகொண்டிருக்கிறது. மாமியார் பக்கவாதத்தில் விழுந்தபோது பெட்பேன் எடுக்க, மூக்குக் குழாய் வழியே கஞ்சி ஊற்ற, இரவில் விழித்திருக்க, மருமகளிடம் யாரும் வயதைக் கேட்கவில்லை. அதே உழைப்பு படிப்பாகவும் பதிவெண்ணாகவும் ஊதியமாகவும் மாறப்போகிறது என்னும்போதுதான் காலம் கடந்துவிட்டது என்ற நினைப்பு வருகிறது. அப்படியானால் இங்கே பொருந்தாதது அவரது வயதல்ல, அவரது உழைப்புக்குக் கிடைக்கப்போகும் அங்கீகாரம். தன் தர்மம் எது என்று கீதையின் வழியில் கேட்டாலும், பல ஆண்டுகள் வீட்டில் செய்து கை பழகிய பணியை முறையாகக் கற்பது அவருக்கு எப்படி அயலார் தர்மமாகும்?

கடைசி மறுப்பு எண்களின் பேரில் நிற்கிறது. பதினேழில் சேர்ந்தவர் நாற்பது ஆண்டுகள் சேவை செய்வார். முப்பத்தைந்தில் சேர்ந்தவர் இருபது, இருபத்தைந்து. அரசுப் பணத்தில் நடக்கும் ஓர் இடத்தை யாருக்குக் கொடுப்பது நியாயம்? நோயாளியைத் தூக்கித் திருப்பும் வேலையில் இடுப்பும் முதுகும் தேய்கின்றன. வயதாக ஆக நைட் டியூட்டிக்குப் பிறகு உடல் தேறி எழ நேரமாகிறது. உடலைப் பற்றிய பகுதியை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. முதுகுவலியோடு சேர்ந்து நோயாளியைக் கீழே போடுகிறவர் தொண்டு செய்தவராக மாட்டார். அதைச் சோதிக்க உடற்தகுதிப் பரிசோதனை இருக்கிறது, பிறந்த தேதி அந்தப் பரிசோதனை அல்ல. ஆண்டுக்கணக்கு வாதமோ, பயிற்சி பெற்ற எல்லோரும் கடைசிவரை இந்த நாட்டு வார்டில் நிற்பார்கள் என்று எண்ணிக்கொள்கிறது. இளமையில் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போகிறார்கள். அது அவர்கள் உரிமை. திருமணத்தோடு வேலையை விடுகிறவர்களும் உண்டு. கிடைக்கப்போகும் ஆண்டுகளை யாராலும் முன்கூட்டி எண்ணிச் சொல்ல முடியாது. தவிர, பராமரிப்பை மொத்த விளைச்சலாக மட்டும் அளப்பது அந்தப் பணியின் இயல்புக்கே ஒவ்வாதது. 3-ஆம் எண் கட்டிலில் மூச்சுத்திணறுகிறவருக்கு வேண்டியது, இந்த இரவில் விழித்திருக்கும், விஷயம் தெரிந்த ஒருவர். அந்த ஒருவர் இன்னும் எத்தனை ஆண்டு பணியில் இருப்பார் என்பது அவருடைய கேள்வி அல்ல.

மறுப்புகளைத் தாண்டி நிற்கும் உண்மையான கடினம் வேறிடத்தில் இருக்கிறது. முப்பத்து நான்கு வயது மாணவி, இருபத்து நான்கு வயது ஸ்டாஃப் நர்ஸிடம் படுக்கை விரிப்பின் மூலையை மடிக்கக் கற்க வேண்டும். தப்பாகச் செய்தால் எல்லார் முன்னும் திட்டு வாங்க வேண்டும். முன்பு பத்துப் பேரை வேலை வாங்கியவருக்கு அது சுலபமல்ல. இந்த இடத்தில் நம் சமயம் வியக்கத்தக்க ஒரு முன்மாதிரியை வைத்திருக்கிறது. சுவாமிமலையில் பிரணவத்தின் பொருளைக் கேட்கத் தகப்பன் மாணவனாகிறான், பிள்ளை குருவாகிறான். அதனால் முருகனுக்குத் தகப்பன்சாமி என்றே பெயர். எல்லாம் அறிந்தவனே கற்கும் நிலையை ஏற்கலாம் என்பதைக் கோயிலாகக் கட்டி வழிபடும் சமூகம், முப்பத்து நான்கு வயதில் கற்க வருபவரைப் பார்த்து வெட்கப்பட வேண்டியதில்லை. தன்முனைப்பைக் குறைக்க நம் மரபில் நோன்புகள் பல சொல்லப்பட்டிருக்கின்றன. தன்னைவிட இளையவரிடம், தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள் என்று தினமும் கேட்பது அவற்றில் எதற்கும் குறைந்ததல்ல. இதைச் செய்ய முடியாதவர் எவ்வளவு இரக்கம் உள்ளவரானாலும் வரக் கூடாது. செய்ய முடிந்தவரைத் தடுக்க வயது ஒரு காரணமாகாது.

ஆகவே இந்த முடிவை எடைபோடும்போது வயதை ஓரமாக வைத்துவிட்டு மூன்றைக் கேட்கலாம்: மறுபடி மாணவராகும் பணிவு இருக்கிறதா, உடல் தாங்குமா, நம்பியிருப்பவர்களோடு சுமையைப் பகிர்ந்து பேசியாயிற்றா. மூன்றுக்கும் ஆம் என்பவரிடம் மேலும் கேட்க மரபுக்கு உரிமை இல்லை. ஆனால் மரபை மதிப்பவர்களுக்குக் கடமை உண்டு. வேறு துறையில் பட்டம் பெற்றவர்களைக் குறுகிய காலத்தில் நர்ஸாகப் பயிற்றும் படிப்புகளைப் பிற நாடுகள் பல ஆண்டுகளாக நடத்துகின்றன. வயதாகிக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டில், முதியோரைப் பார்க்க ஆளில்லை என்று ஒருபக்கம் புலம்பிக்கொண்டு, பார்க்க முன்வருகிறவரின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத் திருப்பி அனுப்புவது முரண். வயது வரம்பைத் தளர்த்தி உடற்தகுதியைக் கறாராகச் சோதிக்கலாம். குடும்பம் உள்ளவர்களுக்கு உதவித்தொகை தரலாம். பயிற்சியில் மட்டும் எள்ளளவும் சலுகை காட்டக் கூடாது. அன்பை வீட்டிலிருந்து கொண்டுவருபவருக்குத் திறமையைக் கற்றுத்தருவது ஒரு சமூகத்தால் முடிகிற காரியம். அதைச் செய்ய மறுக்கும் சமூகம் தொண்டைப் பற்றி மேடையில் பேசும் தகுதியைச் சிறிது இழந்துவிடுகிறது.